சேரு போன பக்கம்

போயிருச்சுங்கக்கா என்றுதான் கம்பவுண்டர் சொன்னார், அதில் துளசிமணிக்கு ஒரு எழுத்துக்கூடச் சந்தேகமில்லை. தையல் மிஷின்கள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன, தலைக்கு மேல் காத்தாடி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, ஒரு காதை விரலால் அடைத்து மறு காதில் போனை அழுத்திக்கொண்டுதான் கேட்டாள், இருந்தாலும் அந்த ஒரு சொல் மட்டும் சுத்தமாக விழுந்தது. போயிருச்சு. எப்பங்க என்றாள். இப்பத்தானுங்கக்கா, ஒரு சத்தங்கூடப் போடலீங்க, நாங்க பாத்துட்டு இருக்கையிலயே போயிருச்சு, எங்களால ஒண்ணும் பண்ண முடியலீங்க. கதவு தெறந்தா கெடந்துச்சு என்று அவள் கத்தினாள். என்னுங்கக்கா, கேக்கலீங்க, நீங்க வந்து, என்று அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே யாரோ பக்கத்து மிஷினை ஓட்டினார்கள், அதோடு போன் அறுந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவன், தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தாலும் விழுங்க முடியாமல் கிடந்தவன், காலில் ஊசி குத்திக் குழாய் மாட்டியிருந்தவன், எழுந்து போயிருக்கிறான். துளசிமணிக்குக் காது சூடாயிற்று, சிரிப்பு வந்தது. மடியில் கிடந்த பனியன்களைத் தள்ளிவிட்டு எழுந்தாள். என்ன புள்ள என்றாள் ஜெயசுந்தரி, பக்கத்தில் உட்கார்ந்து பிசிர் வெட்டுகிறவள். எங்க நாயி சேரு, எந்திரிச்சு ஓடிட்டானாமா, ஆசுபத்திரிய விட்டே ஓடிட்டானாமா. ஜெயசுந்தரி கத்தரியைக் கீழே வைத்தாள். ஓடிருச்சுன்னா சொன்னாங்க? போயிருச்சுன்னாங்க. ஓ, என்றாள் ஜெயசுந்தரி. பிறகு துளசிமணியின் பங்குப் பனியன்களையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நீ போ புள்ள, சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கறேன். ஒரு உருப்படிகூட அடுத்தவளுக்கு வெட்டித் தராதவள் ஜெயசுந்தரி, இன்றைக்கு அவளுக்கே சந்தோஷம் பொறுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு துளசிமணி செருப்பைத் தேடினாள்.

கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்த பிறகுதான் பிசிர் வெட்டும் கத்தரி கையிலேயே இருப்பது தெரிந்தது. திரும்பிப் போய் வைக்க மனமில்லை. பைக்குள் போட்டால் பை கிழியும். ஒரு கையில் கத்தரியோடு மறு கையால் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். சென்னியப்பன் குட்டியானை வண்டி ஓட்டுகிறார், பனியன் கம்பெனிகளிலிருந்து துணி ரோல்களை ஏற்றிச் சாயப்பட்டறையில் கொண்டு போய் இறக்குவது வேலை, வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார், எடுத்தாலும் வள்ளென்று விழுவார். இன்றைக்கு உடனே எடுத்தார். ஏனுங்க, சேரு எந்திரிச்சுட்டானுங்க, ஆசுபத்திரிய விட்டுப் போயிட்டானாமுங்க. யாரு சொன்னது? கம்பவுண்டர்தான் போன் பண்ணுனாரு. அந்தப் பக்கம் வண்டியின் வேகம் குறைந்தது. நேத்து நிக்கவே முடியலையே புள்ள அவனால. அதைத்தானுங்க நானும் சொல்றேன், இன்னைக்கு நடந்துட்டான். ம், என்றார் சென்னியப்பன். சரி, நான் அந்தப் பக்கத்துலதான் இருக்கறேன், ஒரு சுத்துச் சுத்திப் பாக்கறேன், வெயிலுக்கு எங்கயாச்சும் நெழல்ல படுத்துக் கெடப்பான். அவனால என்றாரே, கெடப்பான் என்றாரே என்று துளசிமணிக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அவன் என்று சொல்வது அவள்தான். சென்னியப்பனுக்கு எப்போதும் அது. அதுக்குச் சோறு வெச்சியா, அதைப் புடிச்சுக் கட்டு, அது என்னத்துக்கு என்னையவே பாக்குது. நாய்க்கு என்னத்துக்கு ஆம்பளை மரியாதை என்று கேட்ட மனுசன். இன்றைக்கு இரண்டு தடவை வாய் தவறிவிட்டது. வரட்டும், ராத்திரி சோற்றுத் தட்டு முன்னால் உட்காரும்போது கேட்க வேண்டும், அதுங்களா அவனுங்களா என்று.

பஸ் வந்தது. பெண்களுக்குக் காசு வாங்காத பஸ், எப்போதும் நெரிசலாக இருக்கும், இன்றைக்கு அதிசயமாக ஜன்னலோரத்து இடமே கிடைத்தது, நல்ல சகுனம். துளசிமணி உட்கார்ந்தாள், உட்காரவில்லை, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி நின்றாள். ஆசுபத்திரி ஊருக்கு அந்தக் கோடியில், அவன் போயிருப்பது இந்தப் பக்கமாக இருந்தால் வழியிலேயே பார்த்துவிடலாம். செவலை நிறத்தில் எது தெரிந்தாலும் நெஞ்சு தூக்கிப் போட்டது. ஒரு டீக்கடை வாசலில் செவலை, அது பெட்டை. மின்கம்பத்தடியில் செவலை, அது சாக்கு. நகைக்கடைப் பக்கம் ஒன்று தெருவைக் குறுக்கே கடந்தது, அவள் சடாரென்று எழுந்துவிட்டாள், வால் நீளமாக இருந்தது, சேருவுக்குப் பாதி வால்தான், உட்கார்ந்தாள். ஏனுங்கக்கா, என்றார் கண்டக்டர், டிக்கெட் ஒரே எடத்துக்குத்தான் கேட்டீங்க, எல்லா ஸ்டாப்பிங்லயும் எந்திரிக்கறீங்க, ஓசிப் பயணம்னாலும் ஒரு கணக்கு வேணாமுங்களா. நாயத் தேடறேனுங்க என்றாள். பஸ்ஸுலயா என்றார் அவர். நாலு பேர் சிரித்தார்கள். துளசிமணியும் சிரித்தாள், வேறு நாளாயிருந்தால் சுருக்கென்று ஏதாவது சொல்லியிருப்பாள், இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும். கண்டக்டர் கத்தரியைப் பார்த்தார். அதை எதுக்குங்கக்கா ஓங்கிப் புடிச்சிருக்கீங்க, கீழ வைங்க, பிரேக் போட்டா யாரு மேலயாச்சும் ஏறிரும். அவள் கத்தரியை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். பக்கத்தில் முருங்கைக்காய்க் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆனால் இந்தப் பக்கமாக வருவானா, அதைச் சொல்ல முடியாது. அவன் ஸ்டேஷன் பக்கம் போகிறவன். பக்கத்து லைன் வீட்டில் நாலு பீகார்ப் பையன்கள் இருந்தார்கள், அவர்கள் வளர்த்த நாய் அவன், கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று சொல்லி அவர்கள் ஊருக்கு மூட்டை கட்டியபோது, அதில் பெரியவன், முன்னா என்று பேர், சங்கிலியைக் கொண்டுவந்து துளசிமணி கையில் வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். அக்கா, சேரு, என்றான். அதற்கு மேல் சொல்ல அவனுக்குத் தமிழ் இல்லை, கேட்க அவளுக்கு இந்தி இல்லை. ஆறாவதோடு நின்றவளுக்குத் தமிழ் படிப்பதே தட்டித் தடவித்தான். பையன்கள் ரயிலேறிய அன்றைக்கே சேரு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினான், சென்னியப்பன்தான் முணுமுணுத்துக்கொண்டே குட்டியானையில் போட்டுக்கொண்டு வந்தார், மறுபடி ஓடினான், மறுபடி கொண்டுவந்தார். அப்புறம் கொஞ்ச காலம் பூட்டிய லைன் வீட்டுக் கதவடியில் மூக்கை வைத்துப் படுத்துக் கிடந்தான். துளசிமணி சோற்றை அங்கேயே கொண்டு போய் வைத்தாள், அடுத்த நாள் இரண்டடி இந்தப் பக்கம் தள்ளி வைத்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள், இப்படித் தட்டை நகர்த்தி நகர்த்தியே ஒருநாள் தன் வீட்டு நிலைப்படிக்குள் கொண்டுவந்துவிட்டாள். அன்றைக்கு அவன் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்து அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தான், பாதம் மரத்துப்போகும்வரைக்கும் அவள் அசையவில்லை. அப்படிப்பட்டவன் உடம்பு சரியான உடனே மறுபடியும் ஸ்டேஷனுக்கா போவான். போனால் போகட்டும், அந்தப் பையன்களைத் தேடியே போகட்டும், அவளுக்கு வருத்தமில்லை, கொஞ்சம் வருத்தம்தான், அதை அப்புறம் பட்டுக்கொள்ளலாம், கால் நடக்கிறதே அது போதும். ஸ்டேஷன் பக்கம் பார்க்கச் சொல்லவில்லையே அவரிடம். சொல்ல வேண்டும். பாலம் வந்தது, கீழே நொய்யல் சாயமேறிக் கறுத்துக் கிடந்தது, தண்ணீர் தவிக்கிறது என்று இதில் வாய் வைத்துவிடுவானோ. காலில் குத்திய ஊசியோடா போனான், பிடுங்கிக்கொண்டா போனான், பிடுங்கியிருந்தால் ரத்தம் நிற்காதே, ஏற்கெனவே மூக்கில் வந்த ரத்தமே நிற்கவில்லையே.

அவனுக்குத் தமிழ் தெரியாது என்று கம்பவுண்டரிடம் சொன்னோமா இல்லையா. சொன்னோம், டாக்டரம்மாவிடம்தான் சொன்னோம், அந்தம்மா சிரித்தது. வா என்றால் வர மாட்டான், ஆவோ என்றால்தான் வருவான். உட்காரு என்றால் பேந்தப் பேந்த முழிப்பான், பைட்டோ என்றால் பொத்தென்று உட்காருவான். பையன்கள் சொல்வதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக் கேட்டுத் துளசிமணி நாலைந்து வார்த்தை பிடித்து வைத்திருந்தாள், சோறு வைத்தால் காலோ, குரைத்தால் சுப். அந்த நாலைந்து வார்த்தையிலேயே ஒரு குடித்தனத்தை நடத்திவிட்டாள். சென்னியப்பனுக்குத்தான் ஆகவில்லை. எங்கப்பன் இந்தி வேண்டாம்னு தார் டப்பாவத் தூக்கிட்டு ஸ்டேஷன் போர்டழிக்கப் போனவரு, அவரு மகன் வீட்டுல நாயி இந்தி கேக்குது. சேருன்னா சிங்கமாமுங்க என்று அவள் சொல்லிப் பார்த்தாள். எந்த ஊருச் சிங்கம், சாக்கடைச் சேத்துல பொரண்டுட்டு வருது, பேரு பொருத்தமாத்தான் வெச்சிருக்கறானுக. அவர் அவனிடம் தமிழில்தான் பேசுவார், பிடிவாதமாகத் தமிழில், ஏப்பா தள்ளிப் படு, ஏப்பா வண்டி எடுக்கோணும். அவன் அசைய மாட்டான். அவர் திட்டிக்கொண்டே இறங்கி அவனைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். எதற்கு அசைய வேண்டும், தூக்கத்தான் ஆள் இருக்கிறதே என்று அவனுக்குத் தெரியும். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

நீங்க வந்து, என்றாரே கம்பவுண்டர், வந்து என்ன. பஸ் சிக்னலில் நின்றது, இன்ஜின் நடுங்கியது, அந்த நடுக்கத்தில் துளசிமணிக்கு அடுத்த வார்த்தை மேலே வந்தது. வந்து எடுத்துட்டுப் போங்க. இல்லை, வந்து கூட்டிட்டுப் போங்க. இரண்டில் ஏதோ ஒன்று. மிஷின் சத்தத்தில் டகரமும் போங்கவும்தான் காதில் நிற்கின்றன, முன்னால் என்ன இருந்தது, எடுத்தா, கூட்டியா. கூட்டிட்டு என்றால் சரி. கூட்டிட்டு என்றால் பிடித்துவிட்டார்கள், கட்டி வைத்திருக்கிறார்கள். எடுத்துட்டு என்றால். எடுத்துட்டு என்றால் அவன் துண்டு, அவன் சோற்றுக் கிண்ணம், சங்கிலி எல்லாம் அங்கேதானே இருக்கின்றன, அவனே போன பிறகு அதையெல்லாம் வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள், எடுத்துட்டுப் போங்க என்றுதான் சொல்வார்கள். அப்படித்தான் இருக்கும். நாய் செத்தால் செத்துப்போச்சு என்று சொல்வார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் அதுதான், எந்த ஊரிலும் அதுதான். மனுசருக்குத்தான் சுற்றி வளைத்துச் சொல்வது, அவள் மாமனார் தவறிவிட்டார், மேஸ்திரி சம்சாரம் காலமாகிவிட்டது, பெரியப்பன் போயிட்டாரு. நாய்க்கு யார் போய் வார்த்தை தேடுகிறார்கள். அதுவும் கம்பவுண்டர், தினம் நாயும் பூனையுமாகப் பார்க்கிறவர், செத்துப்போச்சுங்க, வந்து தூக்கிட்டுப் போங்க என்று சொல்ல அவருக்கு என்ன கூச்சம். அதனால் போயிருச்சு என்றால் போயிருச்சுதான். துளசிமணி இதை மனத்துக்குள் ஒரு தடவை சொல்லி, சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், பனியனில் எங்கேயாவது நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல. எங்கேயும் நீட்டவில்லை. சிக்னல் விழுந்தது, அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது. முருங்கைக்காய் அம்மாள், என்ன அம்மிணி, வீட்டுல விசேஷமா என்றாள். ஆமாங்க என்றாள் துளசிமணி. பேரனா பேத்தியா? ரெண்டுமில்லீங்க, சிங்கம்.

போன் அடித்தது. சென்னியப்பன். புள்ள, நான் ஆசுபத்திரிக்குப் பின்னால இருக்கற வீதியில இருக்கறேன், இங்க ஒரு பெரிய வேப்பமரம், அதுக்கடியில பாத்துட்டேன், இல்ல. அவர் மூச்சு வாங்கினார், வண்டிச் சத்தம் இல்லை. நடந்தா பாக்கறீங்க? வீதி சந்து மாதிரி இருக்குது, வண்டி போகாது, ஓரமா நிறுத்திட்டேன். லோடு? கெடக்குது, பட்டறைக்காரன் ரெண்டு தடவ கூப்புட்டுட்டான். ஏனுங்க, உள்ள போயிக் கம்பவுண்டர ஒரு வார்த்த கேட்டீங்களா? அங்க போயி என்ன பண்றது, அங்கதான் இல்லையே அவன், நான் வீதியில பாக்கறேன், நீ வந்து அவங்களக் கேளு. சரிங்க, ஸ்டேஷன் பக்கமும் ஒரு எட்டுப் பாருங்க. பாத்தர்றேன், இரு, என்று அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார், நிறுத்த மறந்துவிட்டார். துளசிமணி காதை எடுக்கவில்லை. துணி உரசும் சத்தம், செருப்புச் சத்தம், அப்புறம் அவர் குரல், தயங்கித் தயங்கி, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறவர் குரல். சேரு. ஏப்பா, சேரு. கொஞ்சம் நிறுத்தினார். ஆவோ, என்றார். ஆவோ, ஆவோ. யாரோ ஒரு பொம்பளை, ஏனுங், யாரக் கூப்படறீங்க என்று கேட்டாள். நாயிங்க, நம்ம நாயி, ஒடம்புக்கு முடியாம இருந்துச்சு, எந்திரிச்சு வந்துட்டான். துளசிமணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது, அது சந்தோஷம்தான். கண்டக்டர் பார்த்தார், விசிலை எடுத்து ஊதினார்.

ஈரல் வாங்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை ஈரல் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது, அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தான், சனிக்கிழமைகூடக் கீரைக்காரியின் சைக்கிளைத் தெருமுனை வரைக்கும் விரட்டிவிட்டு வந்தான். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டரம்மா, ரத்தத்துல தட்டணு கொறஞ்சு போச்சுங்க என்றார். தட்டில் சோறு குறையாமல் கிடந்ததுதான் துளசிமணிக்குத் தெரியும். காப்பாத்திருவீங்களா என்று கேட்டதற்கு, முயற்சி பண்றோம், ராத்திரி இங்கயே இருக்கட்டும் என்றார். கிளம்பும்போது அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டில் யாரும் போறேன் என்று சொல்லக்கூடாது, போயிட்டு வர்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், சென்னியப்பன் லோடுக்குப் போனாலும் சரி, கடைக்குப் போனாலும் சரி, போறேன் என்று வாயில் வந்தால் திரும்பக் கூப்பிட்டு வர்றேன் என்று சொல்ல வைத்துத்தான் விடுவாள். போயிட்டு வர்றேன் என்பதற்கு இந்தியில் என்ன என்று அவளுக்குத் தெரியாது. அந்தப் பையன்கள் தினமும் காலையில் அவனிடம் ஏதோ சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் பிடிக்கவில்லை. அதனால் தெரிந்ததைச் சொன்னாள். காதைத் தடவி, பைட்டோ, என்றாள். சேரு, பைட்டோ. பைட்டோ என்று சொல்லிவிட்டு அவள் ரேஷன் கடைக்குள் போனால், வெளியே வரிசை எவ்வளவு நீளமாயிருந்தாலும் வந்து பார்க்கும்போது அதே இடத்தில் உட்கார்ந்திருப்பான், மழை பெய்தாலும் உட்கார்ந்திருப்பான், வேறு நாய் வந்து மூக்கை முகர்ந்தாலும் கண்ணை மட்டும் திருப்புவான். பைட்டோவை அவன் மீறியதே கிடையாது. துளசிமணியின் சிரிப்பு எங்கேயோ இடறியது. மீறியதே கிடையாது. அப்படியானால் எப்படிப் போனான். அவள் வரும்வரைக்கும் அங்கேதானே இருப்பான், நடக்க முடிந்தாலும் இருப்பான், கதவு திறந்து கிடந்தாலும் இருப்பான், இருக்க முடியாமல் போனால்தான். எங்களால ஒண்ணும் பண்ண முடியலீங்க. பாத்துட்டு இருக்கையிலயே. ஒரு சத்தங்கூடப் போடலீங்க. இல்லை, காய்ச்சலில் காது கேட்டிருக்காது, அவள் சொன்னது காதில் விழுந்திருக்காது, விழாததை எப்படி மீறுவது, மீறவில்லை, கேட்கவில்லை, கேட்காமல்தான் போயிருக்கிறான். கேட்காமல் போயிருக்கிறான். ஆசுபத்திரி ஸ்டாப்பிங் எறங்கறவங்க, என்றார் கண்டக்டர். அக்கா, உங்களத்தான். கத்தரி பத்திரமுங்க.

இறங்கி ஓடினாள். ஓடும்போது பயம் பின்னால் தங்கிவிட்டது, மறுபடி நெஞ்சு படபடவென்று எழுந்துகொண்டது, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓடினாள், வண்டிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ரோட்டோரம் வீட்டுக்காரரின் குட்டியானை துணி ரோல்களோடு நின்றது, சாய்த்து அவசரமாக விட்ட வண்டி, ஒரு சக்கரம் சாக்கடைக் கல்லின் மேல் ஏறியிருந்தது. ஆசுபத்திரி வராந்தாவில் ஒரு பெண் வெள்ளை நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பவுண்டர் துளசிமணியைப் பார்த்ததும் எழுந்தார். வாங்கக்கா. எந்தப் பக்கமுங்க போனான் என்றாள் அவள், மூச்சு வாங்க. என்னுங்க? எந்தப் பக்கமுங்க? அவர் அவள் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். பின்னாலதானுங்கக்கா, என்றார் மெதுவாக, கைகாட்டினார். பின்வாசல் வழியா, அப்படித்தான் இருக்கும், சாப்பாட்டு வாசனை வந்திருக்கும், என்று சொல்லிக்கொண்டே அவள் அவரைத் தாண்டி உள்ளே நடந்தாள், மருந்து வாடையைத் தாண்டி, காலியாகக் கிடந்த கூண்டுகளைத் தாண்டி, கழுவி விட்டிருந்த ஈரத் தரையைத் தாண்டிப் பின்பக்கத்துப் பொடக்காலிக் கதவைத் தள்ளினாள். வெயில் கண்ணில் அடித்தது. தண்ணீர்த் தொட்டி நிழலில், விரித்துப் போட்ட ஒரு பழைய விளம்பரத் துணி மேல், சேரு படுத்திருந்தான். திரும்பி வந்துட்டான் என்று நினைத்தாள். போய்ப் பார்த்துவிட்டு, வெயில் தாங்காமல் திரும்பி வந்து படுத்துவிட்டான். அவள் கொண்டுவந்த துண்டைக் கழுத்துவரைக்கும் போர்த்தியிருந்தார்கள். வெயில் காலத்தில் எதற்குப் போர்த்த வேண்டும். அவள் துண்டின் மேல் கண்ணை வைத்தாள், மூச்சுக்கு அது எழும்பும், இப்போது எழும்பும், மெதுவாகத்தான் எழும்பும், காய்ச்சல்காரன் மூச்சு அப்படித்தான் இருக்கும். ஒரு ஈ துண்டின் மேல் உட்கார்ந்தது. அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது.

கம்பவுண்டர் பின்னால் வந்து நின்றார். போயிருச்சுன்னீங்களே என்றாள் துளசிமணி. ஆமாங்கக்கா. செத்துப்போச்சுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க. கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள், ஒரு வார்த்தையை மாற்றி வைத்துவிட்டவரிடம் கேட்பதுபோல. அவர் தலையைச் சொறிந்தார். நேத்து நீங்க அவன் இவன்னு பேசிட்டு இருந்தீங்க, உங்ககிட்டப் போயி அந்த வார்த்தைய எப்புடீங்க சொல்றது. அவள் தரையில் உட்கார்ந்தாள். கத்தரியை ஒரு பக்கமாக வைத்தாள். அவன் ஒரு காது எப்போதும் மடங்கியிருக்கும், இப்போதும் மடங்கியிருந்தது, அதை நிமிர்த்தினாள், மடங்கியது. காது சில்லென்று இருந்தது, தொட்டி நிழலில் இருந்ததால் இருக்கும், இல்லை, அதனால் இல்லை. அதனால் இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். போன் அடித்தது. எடுத்துக் காதில் வைப்பதற்குள்ளேயே சென்னியப்பன் பேச ஆரம்பித்துவிட்டார், ஓடி வந்த மூச்சு, இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத குரல், பொங்கல் விளையாட்டில் கயிறிழுக்கிற ஆம்பளைகளின் குரல். புள்ள, தெரிஞ்சுருச்சு. கறிக்கடைக்காரரு பாத்திருக்கறாரு. செவலை, ஒரு காது மடங்கி, பாதி வாலு, வேற எந்த நாயி அப்படி இருக்குது, சொல்லு. தண்ணி கேட்டு நின்னுச்சாம், ஊத்துனாராம், குடிச்சுட்டு மேக்க போச்சாம். நல்லாத்தான் நடந்துச்சாம் புள்ள, நொண்டக்கூட இல்லியாம். கேக்குதா? கேக்குதுங்க என்றாள். மடங்கிய காது அவள் விரல்களுக்குள் இருந்தது. பட்டறைக்காரன் கத்தறான், கத்தட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம். இங்க ரெண்டு பசங்க எங்கூடச் சேர்ந்து தேடறானுக, ஒருத்தனுக்கு இந்தி தெரியுதாமா. ஏனுங்க, என்றாள் துளசிமணி. சொல்லு. அவள் வாயைத் திறந்தாள். போயிட்டானுங்க என்று சொன்னால், அதான் தெரியுமே, எந்தப் பக்கம்னு சொல்லு என்பார். இன்னொரு வார்த்தை இருந்தது, சுற்றி வளைக்காத வார்த்தை, சற்று முன்புதான் கம்பவுண்டரிடம் தாராளமாகச் சொன்னாள், இவரிடம் சொல்ல நாக்கு எழவில்லை. இங்க வாங்க, என்றாள். வர்றேன் புள்ள, நீ அங்கயே இரு, அவன் திரும்பி வந்தாலும் வருவான், ஆளில்லாமப் போயிரக் கூடாது. மேக்க இன்னும் ஒரே ஒரு வீதிதான் பாக்கி, அதையும் பாத்துட்டு வந்தர்றேன். தெருவில் யாரோ சேரு, சேரு என்று கூப்பிடுவது போனில் கேட்டது, இளவட்டக் குரல்கள், சிரிப்பு, நடுவில் அவர் குரல். கம்பவுண்டர் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். துளசிமணி ஈயை விரட்டிவிட்டுத் துண்டை இழுத்துச் சரி செய்தாள்.

சரிங்க, என்றாள். அந்த வீதியையும் பாத்துட்டு வாங்க. அவசரமில்லீங்க.